கத்திரி வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

பெரியப்பா வேலுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டி ஆட்டோவில் ஏறி அபிராமபுரத்துக்கு, அறிவின் வீட்டுக்கு வந்து இறங்கியது. வேலு கல்யாணம் கட்டாதவர். நாற்பது வருஷம் கிரிக்கெட் ஸ்டேடியத்தில், ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் எடுபிடி வேலை பார்த்தவர். அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது, மறந்துவிட்டுப் போனது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தன.

திறந்ததும் அந்துருண்டை வாசனையும் அதை மதிக்காத இரண்டு கரப்பான்பூச்சிகளும் வெளியே வந்தன. உள்ளே கையெழுத்துகள் நிறைந்த ஒரு மட்டை, ஏழு பந்துகள், மூன்று கையுறைகள் (மூன்றும் இடதுகை), ஒரு கட்டுப் பழைய டிக்கெட்டுகள், பழுப்பேறிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று.

அறிவு அந்த நிமிஷமே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். இதன் மதிப்பு எதுவானாலும் அது புஷ்பத்துக்குத் தெரியக் கூடாது.

புஷ்பம் அவன் மனைவி. முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். சின்னதாக ஒரு கடை பிடிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு வருஷமாக அவனும் பார்க்கலாம் என்கிறான். பெருங்குடியில் ஒரு கம்பெனிக்கு வண்டிகளை அனுப்பி வைக்கும் வேலையில் இருந்த அவன் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளை. அவனுக்கு அறிவு என்று பெயர் வைத்தது அவன் அப்பா. அவருக்கு அது ஓர் ஆசை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் கல்யாண வீட்டுக்கு அளவெடுக்கப் போன நேரம் பார்த்து, தி.நகரில் பழம்பொருள் கடை வைத்திருந்த அப்துல் கஃபாரை வீட்டுக்கு வரவழைத்தான். அதற்கு முன் மூன்று நாள் செல்போனில் வீடியோ பார்த்து, தானும் ஒரு நிபுணன் ஆகியிருந்தான். பந்து ஒன்றை எடுத்து உருட்டிக் காட்டி, இது டெஸ்ட் மேட்ச் பந்து என்றான். கஃபார் பாய் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, இது ரப்பர் தம்பி என்றார். மட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அது கையெழுத்து இல்லை, அச்சு. பொருட்காட்சியில் பொம்மைக் கடைக்குப் பக்கத்துக் கடையில் விற்ற சரக்கு. டிக்கெட்டுகள் ஏதோ இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும். மூன்று இடதுகை உறைகளையும் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

கடைசியாக ஸ்வெட்டரை எடுத்தார். கழுத்தை உள்பக்கம் திருப்பினார். அங்கே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நாடா. அதில் சிவப்பு நூலால் ஹால்பர்ட் என்று ஒரு பெயர், பக்கத்தில் ஒரு வருஷம். பாய் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார்.

"அந்தக் காலத்துல மெட்ராஸ் வந்த வெள்ளைக்கார பௌலர் தம்பி. இதைத் தேடிக்கினு ஒரு ஆள் கீறாரு. ஒண்ணே முக்கால் லட்சம் தருவாரு."

அறிவின் காதில் புல்லட் சத்தம் கேட்டது. பாயின் விசிட்டிங் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்வெட்டரை அழகாக மடித்து பீரோவில் தன் தட்டில் வைத்தான். புஷ்பம் வந்ததும், பெட்டியில் இருப்பது எல்லாம் குப்பை, பத்துப் பைசா பெறாது என்று சோகமாகச் சொன்னான்.

அவள் அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தாள்.

"பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கிறவன் தெருமுனையில வந்துக்கினு கீறான். அந்த ஸ்வெட்டரைப் போட்டு ஒரு வடிதட்டு வாங்கிக்கிறேன்."

"வேணாம் புஷ்பம். பெரியப்பா ஞாபகமா கீது."

"மெட்ராஸ்ல கம்பளி இன்னாத்துக்குய்யா?"

"நான் போட்டுக்குவேன்."

"அப்போ போடு. சும்மா பீரோவுல இடத்தை அடைச்சிக்கினு இருந்தா தூக்கிப் போட்டுடுவேன்."

அது மே மாசம். கத்திரி வெயில் தொடங்கி நான்கு நாள். அறிவு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டே காபி குடித்தான், போட்டுக்கொண்டே குழம்பு சாதம் சாப்பிட்டான், சாப்பிடும்போது மேலே சிந்தாமல் இருக்கக் கழுத்தில் துண்டும் கட்டிக்கொண்டான். அவன் ஆபீஸ் போகிற நேரத்தில் பாத்திரக்காரன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆபீசுக்கும் போட்டுக்கொண்டு போனான். குளிர் ஜுரமா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றான். மூன்றாம் நாள் முதுகு முழுக்க வேர்க்குரு. புஷ்பம் பரிவோடு பவுடர் போட்டுவிட்டு, குளிக்கப் போகும்போதாவது அதைக் கழற்றி வை என்றாள். கழற்றி வைத்தான். திரும்பி வந்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

நான்காம் நாள் தாங்க முடியவில்லை. நேராகப் பாயின் கடைக்குப் போய் ஸ்வெட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். பாய் கழுத்தைத் திருப்பினார். நாடா இல்லை.

"நாடா இல்லாட்டி இது வெறும் ஸ்வெட்டர் தம்பி. முந்நூறு ரூபா. அதுவும் ஊட்டியில."

அறிவு ஸ்வெட்டரை உதறினான், கையை உள்ளே விட்டுத் துழாவினான், தன் பனியனுக்குள்ளும் தேடினான். பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. நேத்து ஒரு அம்மா அந்த நாடாவை எடுத்துக்கினு வந்து காட்டினாங்க. ஒரு நூல்கூட அறுக்காம பிரிச்சிருக்காங்க, அதே ஓட்டையில திருப்பித் தைச்சா யாருக்கும் தெரியாது. ஒரு ஆள் ஸ்வெட்டரோட வருவாரு, வந்தா உட்காரவெச்சு போன் பண்ணுங்கன்னு சொன்னாங்க. டீ சாப்பிடறீங்களா?"

டீ ஆறுவதற்குள் புஷ்பம் வந்துவிட்டாள். கையில் ஊசி, நூல், ஒரு தீப்பெட்டிக்குள் நாடா. அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்கு முன் பேசினாள்.

"பதினேழு வருஷத்துல ஒரு சட்டையை மடிச்சு வெக்காத மனுசன் ஒரு ஸ்வெட்டரை மடிச்சு வெக்கிறான். நான் இன்னான்னு நினைக்கிறது? சட்டையைத் துவைக்கப் போட்டா பாயோட கார்டு வேற. அதுல கீற நம்பருக்குப் போன் போட்டேன், நாடாவுக்குத்தான் விலைன்னாரு."

"முதல் நாளே தெரியுமா?"

"முதல் நாளே."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னை நாலு நாள் போட்டுக்கினு திரிய வுட்ட?"

"நீ எந்த நாள் உண்மையைச் சொல்றேன்னு பார்த்தேன். நீ வேர்வையைத்தான் கொட்டின."

பிறகு அவள் தன் கணக்கைச் சொன்னாள். ஸ்வெட்டர் அவனுடையது, நாடா தன்னுடையது. வெறும் ஸ்வெட்டரின் விலையைப் பாயே சொல்லிவிட்டார். அந்த முந்நூறு அவனுக்கு. மீதி நாடாவுக்கு. வேண்டாம் என்றால் ஸ்வெட்டரை அவனே போட்டுக்கொள்ளலாம். அறிவு முதுகைச் சொறிந்துகொண்டே சம்மதித்தான்.

ஆடி பிறக்கும் முன்பே, நாடா கொடுத்த பணத்தில் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் புஷ்பம் கடை திறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அறிவுக்கு லீவு என்பதால் மூலையில் ஸ்டூல் போட்டு ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்க உட்காரவைத்தாள். ஒரு ஞாயிறு ரவிக்கை வாங்க வந்த வாடிக்கைக்காரி குல்சும் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கொக்கியெல்லாம் கோணலாக இருக்கிறதே, மூலையில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டாள்.

"நம்ம வூட்டுக்காருதான். கத்துக்கினு கீறாரு" என்றாள் புஷ்பம். "கை பழகினா பீஸுக்கு ஒரு ரூபா குடுக்கலாம்னு கீறேன்."