மின்ஸ்க் நகரப் பெற்றோருக்குக் கண்டனம்

உலக மொழிகளின் தலைவிதி, மலையாள நாட்டின் தமிழ் எல்லையோரம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊரில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. இதைப் பெலாரஸ் நாட்டு மின்ஸ்க் நகரத்தார் இன்னும் அறியவில்லை. யோரூபா பேசும் லாகோஸ் நகரத்தாரும் அறியவில்லை. அந்த அறியாமைக்கு எங்கள் 'அகில உலக மொழி ஒப்பீட்டு மன்றம்' பொறுப்பேற்க முடியாது. மன்றத்தின் செயலாளன் என்ற முறையில், சென்ற மே மாதம் நடந்த 'பெலாரஷ்ய மொழியும் யோரூபா மொழியும்' கருத்தரங்கின் நடவடிக்கைகளைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஏன் இந்த இரண்டு மொழிகள் என்று விஷயம் தெரியாதவர்கள் கேட்பதுண்டு. முந்தின வருடம் தமிழையும் மலையாளத்தையும் ஒப்பிட்டோம். மூன்று நாற்காலிகள் உடைந்தன. பொருளாளர் சஜிக்கு நெற்றியில் நாலு தையல். தலைவர் குட்டப்பன் சார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. எந்தச் சிக்கலையும் கோப்போடு கட்டி மேலே வைக்கத் தெரிந்தவர். அவர்தான் வழி சொன்னார்.

“எலே, காட்டாக்கடையிலேருந்து பூவாறு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாத ரெண்டு பாஷைய எடுங்க. அடி வராது.”

“பூவாறு ரிசார்ட்டுக்கு வெள்ளைக்காரன் வருவானே சார்?” சஜி நெற்றியைத் தடவினார்.

“அவன் படகுலேருந்து எறங்க மாட்டான். நீ பேசாம இரி.”

கருத்தரங்கன்று கூடம் நிறைந்தது. உளுந்துவடை உண்டு என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தோம். ஆய்வுரை அடியேனுடையது. நான்கு இரவு இணையத்தில் கண் கெட உழைத்திருந்தேன். யோரூபா மொழியில் வேலை செய்கிறவனுக்குத் தனி வணக்கம் உண்டு, மழையில் அகப்பட்டவனுக்குத் தனி வணக்கம் உண்டு, உட்கார்ந்திருப்பவனுக்கும் தனி வணக்கம் உண்டு என்றேன்.

“சும்மா உக்காந்திருக்கவனுக்கும் வணக்கமா?” குட்டப்பன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மரியாதை தெரிஞ்ச சனங்க.”

பிறகு சோகப் பகுதி. பெலாரசில் கணக்கெடுப்புக்காரன் வந்தால் 'தாய்மொழி பெலாரஷ்யன்' என்று எழுதிக் கொடுப்பவர் ஏராளம். வீட்டுக்குள் பேசுவதோ பெரும்பாலும் ரஷ்யன். லாகோசிலோ படித்த பெற்றோர் பலர் யோரூபாவை ஒதுக்கி, பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசுகிறார்கள். இதைச் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. கூடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. 'தாய்மொழியைக் கைவிடும் மின்ஸ்க், லாகோஸ் பெற்றோரை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தமிழில் எழுதினால் மலையாளிக்குக் கோபம், மலையாளத்தில் எழுதினால் தமிழனுக்குக் கோபம் என்பதால் அதை ஆங்கிலத்தில் எழுதினோம்.

அப்போதுதான் பிரேமகுமாரி டீச்சர் எழுந்தார். எங்கள் ஊர்ப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர், நாள்கூலி நியமனம். கையில் ஒரு சேர்க்கைப் படிவம்.

“செக்ரட்டரி சார், எனக்க கிளாசுக்கு ஒரு பிள்ளை கொறவு. ஸ்கூல் தொறந்து ஆறாம் வேலைநாள் தலை எண்ண வருவாங்க. அண்ணைக்கு ஒரு தலை கொறஞ்சா தமிழ் டிவிஷன் போச்சு. ஒங்களுக்க மோள் நந்தனா இந்த வருசம் ஒண்ணாங்கிளாசு ஆக்கும். விட்டுத் தாங்க.”

“இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள்,” என்றேன்.

“செரி. நிரலுக்குள்ளேயே கேக்கேன். வீட்டுல பிள்ளைட்ட என்ன பாஷை பேசுவீங்க?”

“தமிழ்.”

“ஸ்கூல் ஃபாரத்துல தாய்மொழின்னு என்ன எழுதுனீங்க?”

“மலையாளம். பின்னால ஒரு இடைஞ்சல் வரக்கூடாதுல்லா?”

“படிக்கப் போறது?”

“இங்கிலீஷ் மீடியம். வேனுக்குச் சொல்லியாச்சு.”

“அப்ப பெலாரஸ்காரன எதுக்கு ஏசுதீங்க? அவன் ஃபாரத்துலயாவது சொந்த பாஷைய எழுதுகான்.”

இத்தகைய இக்கட்டான தருணங்களுக்காகவே ஒரு மன்றத்துக்குப் பொருளாளர் தேவைப்படுகிறார்.

“டீச்சர், வட ஆறுது,” என்றார் சஜி.

டீச்சர் வடையைத் தொடவில்லை. படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குட்டப்பன் சார் தம் பேரனைக் கொடுக்கலாமே என்று யாரோ முனகினார்கள். சார் அதைக் கேட்கவில்லை. அவருடைய காது அலுவலக நேரத்தில் மட்டும் வேலை செய்து பழகியது.

ஜூன் மாதம் ஆறாம் வேலைநாள் காலை. நந்தனாவை ஏற்றிய மஞ்சள் வேன் ஊர்ப் பள்ளியைத் தாண்டிப் போனது. நான் பைக்கில் பின்னால் போனேன். பள்ளி வாசலில் டீச்சர் நின்று, வருகிற பிள்ளைகளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. காலையில் தின்ற புட்டு சரியில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு தலை குறைந்தது. பிரிவு போனது. டீச்சர் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்பதாகக் கேள்வி.

ஆனாலும் நாடு மொழித் தொண்டை மறந்துவிடவில்லை. காலியான அந்த வகுப்பறையை எங்கள் மன்றத்துக்கே ஒதுக்கித் தந்தார்கள். நல்ல காற்றோட்டம், இரண்டு மின்விசிறி. திறப்பு விழாவுக்கு நந்தனாவையும் அழைத்துப் போயிருந்தேன். குட்டப்பன் சார் நாடா வெட்டினார். உள்ளே கரும்பலகையில் டீச்சரின் கையெழுத்து அப்படியே இருந்தது. அம்மா, ஆடு, இலை. நந்தனா கிட்டே போய் ஒவ்வொரு எழுத்தாக விரலால் வருடிப் பார்த்தாள்.

“அப்பா, இது பெலாரஷ்யனா, யோரூபாவா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மன்றத்தின் மானம் என் நாக்கில் இருந்தது.

“யோரூபா ஆக்கும், மக்கா,” என்றேன்.

“நல்லா இருக்கு. நமக்கும் இப்பிடி எழுதி வைக்க ஒரு பாஷை உண்டாப்பா?”

தமிழில்தான் கேட்டாள். நான் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். மின்ஸ்க்கிலும் லாகோசிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் இத்தனை சுத்தமாக அழிக்கிற ஓர் அப்பன் கிடைக்கமாட்டான்.