திரும்பிய நேரம்: மாலை நான்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் வலது முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தங்கள் வீட்டில் முழங்கால்கள் உட்பட எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வருகிற ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தீர்கள். வருவதற்கில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் மகன் என் மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எட்டு மாதம் ஆகிறது. அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இருந்தும், "ஒரே ஒரு ராத்திரி ரெண்டு பேரும் மலையில தங்கிட்டு வாங்கப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று மகள் பிடிவாதம் பிடித்ததால் போன சனிக்கிழமை அவரோடு மலைக் குடிலுக்குப் புறப்பட்டேன்.

அடிவாரத்தில் வனக்காவலர் அறையில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஏறும்போது எழுத வேண்டும், இறங்கி வந்ததும் எழுத வேண்டும். மேசையில் பேனாவைக் கட்டியிருந்த நூல் மட்டும்தான் மிச்சம். நல்லவேளை, சட்டைப்பையில் என் பச்சை மைப் பேனா இருந்தது. அதை வைத்து இருவருமே எழுதினோம். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதவன் நான். பிறகு ஆறு மணி நேரம் ஏற்றம். நான் தலையணை கொண்டுவந்ததற்கு உங்கள் மகன் சிரித்தார். ஏழாவது வளைவிலிருந்து அதைச் சுமந்தவரும் அவர்தான், அது வேறு விஷயம். குடிலில் ஆறு பலகைக் கட்டில், ஓர் இரும்பு அடுப்பு, 'எரித்த அளவு விறகை வெட்டி வைத்துவிட்டுப் போகவும்' என்று ஓர் அறிவிப்பு. அறிவிப்பை நான் உரக்க வாசித்தேன். அவர் விறகு வெட்டினார்.

இரவெல்லாம் மழை. ஞாயிறு காலையில் பார்த்தால் ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தைக் காணவில்லை. அதைத் தேடப் போய்த்தான் நான் வழுக்கி விழுந்தேன், முழங்கால் வீங்கியது. செல்போனில் சிக்னல் கிடையாது. "பயப்படாதீங்க மாமா. சாயங்காலத்துக்குள்ள நாம கீழ வந்து எழுதலைன்னா காவலரே ஆள் கூட்டிக்கிட்டுத் தேடி வந்துடுவார்" என்றார். சாயங்காலம் வந்தது, இருட்டு வந்தது, காவலர் வரவில்லை. மீதி இருந்தது நாலு பிஸ்கட். "எனக்குப் பசிக்கலை மாமா" என்று நாலையும் என் பக்கம் தள்ளினார். பொய். அவர் வயிறு கத்தியது எனக்கே கேட்டது. நான் நடுங்கிப்போயிருந்தேன், தங்களிடம் அதை மறைப்பானேன்.

திங்கள் காலை தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்தது. எண்பத்து நாலு கிலோ எடையுள்ள என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினார். அடிவாரத்தில் காவலர் பேயடித்தவர் மாதிரி நின்றார். "நேத்து நாலு மணிக்கே திரும்பிட்டதா எழுதியிருக்கே சார்! அதனாலதான் நாங்க தேடவே இல்லை!" உங்கள் மகன் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். சட்டென்று பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "நான்தான் முன்னாடியே எழுதிட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றார். காவலர் திட்டியதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. நானும் என் பங்குக்குத் திட்டினேன். போகும்போதே திரும்பி வந்ததாக எழுதுகிற மனிதரை நம்பி ஒரு பெண்ணை எப்படி விடுவது? தாங்கள்தான் அவரைக் கண்டித்து வைக்க வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வேறு வழியில்லாமல் தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, ஆபீஸ்ல காலையில வந்ததுக்குக் கையெழுத்துப் போடும்போதே சாயங்காலம் போனதுக்கும் சேர்த்துப் போட்டுடுவீங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள். காவலர் அறைக்கு போன் செய்து கேட்டேன். அந்த நாலு மணி பச்சை மையில் இருக்கிறதாம். சுற்றி வளைத்து எழுதிய கையெழுத்தாம். அதாவது என்னுடையது. அதைப் பார்த்துத்தான் பக்கத்தை மூடியிருக்கிறார். மேலே தலையணை, விறகு, பிஸ்கட், ஓடை தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தயவுசெய்து மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.