ஆறு தரம் சிரித்த மணப்பெண்

ஒரு வேலையைச் செய்ய உட்கார்ந்து, அதற்கு எந்தச் சாமான் திறம் என்று பார்த்துப் பார்த்தே நாளைக் கழிக்கும் ஒருவகை மனிதர்கள் இருக்கிறார்கள். சோதனைக்காரர் என்று அவர்களுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். கிட்ட நின்று பார்க்க ஆசையா? இந்தத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் கல்முனைக்கு வந்து என் வீடியோக் கடைக்குள் எட்டிப் பாருங்கள். கொம்பியூட்டரில் மூக்கை முட்டிக்கொண்டிருப்பது நான்தான்.

கல்யாணக் கசெட்டைச் சீடியாக்குவது பெரிய வித்தையல்ல. படத்தைக் கொம்பியூட்டருக்குள் இறக்கி, அளவைச் சுருக்கி, பிறகு சீடிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சாதாரண மனிதன் கையில் கிடைத்த மென்பொருளில் சுருக்க விட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவான். சோதனைக்காரன் போவானா? ஒன்றில் முகம் கரைகிறது என்பான், மற்றதில் சரிகைக் கரை நடுங்குகிறது என்பான், மூன்றாவதில் கூர்மை கூடிக் கன்னத்துப் பவுடர் சுண்ணாம்பாய்த் தெரிகிறது என்பான், கொழும்பிலிருந்து இன்னும் மூன்றை எடுப்பித்து, ஆறிலும் மணப்பெண் சிரிக்கும் அதே பத்துச் செக்கனைச் சுருக்கி, ஒரே சீடியில் வரிசையாகப் பதிந்து டீவியில் போட்டுப் பார்ப்பான். முழுப்படம் மூன்று மணித்தியாலம். அது அப்படியே கிடக்கும்.

இந்த இலட்சணம் தெரியாமல்தான் கமீலா ராத்தா மகள் றிப்னாவின் கல்யாணக் கசெட்டை என்னிடம் தந்தா. லீவு கிடைக்காமல் கட்டாரில் தவித்த மகன் றிஸ்மிக்கு அது போக வேண்டும். அங்கே அவர்களின் அறையில் சீடி போடும் பெட்டி மட்டும்தான். லீவில் வந்திருந்த முகைதீன்பாவா காக்கா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியக் கட்டாருக்குப் புறப்படுகிறார். அவரை விட்டால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகுதான் அடுத்த ஆள்.

"முடிஞ்சிட்டா தம்பி?"

"கிளியர் பாத்துக்கிட்டிரிக்கன் ராத்தா."

"புள்ளட முகம் தெரியிதுதானே?"

"ஓம். ஆறு மாதிரித் தெரியிது."

"நான் பெத்த பொண் ஒண்டுதானே மனே!"

வெள்ளிக்கிழமை வேன் வந்து கடை வாசலில் நின்றது. காய்ந்த இறால் பொதியோடு முகைதீன்பாவா காக்கா கையை நீட்டினார். பக்கத்தில் கமீலா ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. என்னிடம் இருந்தது அந்தச் சோதனைச் சீடி மட்டும். வெட்கமில்லாமல் அதையே கொடுத்தேன்.

மூன்று கிழமையாக ராத்தாவின் வீட்டு ஒழுங்கைப் பக்கமே நான் போகவில்லை. கடைசியில் அவவே றிஸ்மியின் கடிதத்தோடு வந்து, என் முகத்துக்கு நேரே வாசித்தா.

"உம்மா, மாப்பிள்ளையக் காணல்ல. தங்கச்சி சிரிக்கிறா, திரும்பவும் சிரிக்கிறா, ஆறு தரம் சிரிக்கிறா. ஒவ்வொரு நாளும் போட்டுப் பாக்கிறம். ரெண்டாவதுதான் திறம் எண்டு கூட இரிக்கிறவன் சொல்றான். நான் நாலாவது எண்டு சண்டை புடிக்கிறன். அது எந்த சொப்ட்வெயார் எண்டு கடைத் தம்பிக்கிட்டக் கேளுங்க."

ராத்தா கடிதத்தை மடித்தா.

"என்ட முகத்த அவன் பாக்கவே இல்லயே, தம்பி."

என்னால் நிமிர முடியவில்லை. அன்றைக்கே முழுப்படத்தையும் சுருக்கக் குந்தினேன். குந்தியவன் எதில் சுருக்குவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அந்த நாலாவது எது என்று கேட்கத்தானே வாயைத் திறந்தீர்கள்? வாருங்கள், பக்கத்தில் இன்னொரு கதிரை கிடக்கிறது.