ஒண்ணும் மாத்தலையே

வேலை போன ஆண்பிள்ளையை வீட்டுச் சாமான்களோடு தனியாக விடக்கூடாது. முதல் மாதம் மிக்ஸியைப் பிரித்துப் போடுவான். இரண்டாம் மாதம் அலமாரியை அடுக்குகிறேன் என்று மனைவியின் பல் டாக்டர் சீட்டைத் தொலைப்பான். மூன்றாம் மாதம் இன்டர்நெட் பெட்டியில் கை வைப்பான். நான் அப்போது மூன்றாம் மாதத்தில் இருந்தேன்.

பதினாறு வருடம் நெட்வொர்க் சாதனங்கள் விற்கும் கம்பெனியில் இருந்தவன் நான். (விற்கும் பிரிவில். தி.நகரில் பட்டுப்புடவை எடுத்துப் போடுகிறவர்களுக்கெல்லாம் தறி ஓட்டத் தெரியுமா என்ன?) ஆனாலும் சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் யார் வீட்டு வைஃபை படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய், அணைத்துப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வருவேன்.

என் மனைவி கல்பனா, ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் டாக்டர். அந்தச் சமயம் மாடிப்படியில் சறுக்கிக் கணுக்கால் உடைந்து, முழங்கால் வரை மாவுக்கட்டுடன் எங்கள் கொட்டிவாக்கம் ஃபிளாட்டில் இருந்தாள். வீட்டிலிருந்தே படம் பார்ப்பதற்காக மருத்துவமனையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் கொடுத்து அனுப்பினார்கள். அதோடு வந்தவர் தாஸ். பெரும்பாக்கத்துக்காரர், மருத்துவமனையில் நெட்வொர்க் பார்ப்பவர். மருத்துவமனை சர்வருக்குள் வீட்டிலிருந்தே நுழைய வி.பி.என். என்று ஒரு தனி வழி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்து, எங்கள் பழைய ரவுட்டரில் ஏதோ நம்பரை மாற்றி, அதை மார்க்கர் பேனாவால் அதன் முதுகிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை நான் நான்கு கொம்பு வைத்த புது ரவுட்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். வேகம் கூடும் என்று ஒரு எண்ணம். உண்மையைச் சொன்னால், வீட்டில் நானும் ஏதோ செய்கிறேன் என்று காட்ட வேண்டியிருந்தது. பழையதைச் செய்தித்தாள் கட்டோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். கல்பனாவிடம் சொல்லவில்லை. அவளாகக் கவனித்துப் பாராட்டட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையிலிருந்து அவளுக்கு போன். மயிலாப்பூரில் ஏணியிலிருந்து விழுந்த ஒரு எலக்ட்ரீஷியன். வந்தபோது பேசிக்கொண்டிருந்தவர் இப்போது மயங்குகிறார். மூளை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் படம் பார்க்க அங்கே வேறு டாக்டர் இல்லை. அவள் பார்த்துச் சொன்னால்தான் அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிடுவதா, காத்திருப்பதா என்று முடிவாகும்.

கல்பனா கம்ப்யூட்டரைப் போட்டாள். வி.பி.என். இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கு வந்தது. படம் மட்டும் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரகு, இங்க கொஞ்சம் வா. ஏதோ கனெக்ட் ஆக மாட்டேங்குது."

மூன்று மாதத்தில் முதன்முறையாக என்னிடம் ஒருவர் உதவி கேட்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை ஒன்று எனக்குத் தெரியும். (தெரிந்தது அது ஒன்றுதான்.) அடித்தேன். சட்டென்று பதில் வந்தது.

"சர்வர் பதில் சொல்லுது. நம்ம பக்கம் எல்லாம் சரி. தப்பு அவங்க பக்கம்" என்றேன்.

கல்பனா தாஸைக் கூப்பிட்டு போனை என்னிடம் கொடுத்தாள். சர்வர் பதில் சொல்கிறது, தப்பு உங்கள் பக்கம் என்று அவரிடமும் சொன்னேன்.

"இன்னா சார், இங்க எல்லாருக்கும் ஓப்பன் ஆவுதே. வூட்ல எதுனா மாத்துனீங்களா?"

கல்பனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் மாத்தலையே" என்றேன்.

"அப்ப ஒரு கமாண்டு சொல்றேன் சார். அடிச்சி, ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்புங்க."

அடித்தேன். திரையில் எங்கள் வீட்டு நெட்வொர்க்கின் நம்பர் வந்தது. திரையின் ஓரத்தில் தாஸ் ஒட்டிவிட்டுப் போன தாளில் மருத்துவமனை சர்வரின் நம்பர் இருந்தது. கடைசி எண் தவிர இரண்டும் ஒரே வரிசை. தாஸ் பழைய ரவுட்டரில் நம்பரை மாற்றி மார்க்கரில் எழுதியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. வரிசை ஒன்றானதால் சர்வர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. ஆழ்வார்பேட்டைக்குப் போக வேண்டிய கேள்வி வரவேற்பறையைத் தாண்டவில்லை.

அப்போது மணி ஒன்பதே முக்கால். "நேற்று நான்தான் ரவுட்டரை மாற்றினேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். போட்டோவை அனுப்பாமல் போனில் வழி தேடினேன். கம்ப்யூட்டரில் இருக்கிற இணைப்புப் பாதைகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஒருவர் போட்டிருந்தார். அழிப்பது நன்றாக நடந்தது. எழுதுவதுதான் நடக்கவில்லை. பச்சை விளக்கும் போயிற்று.

"ரெண்டே நிமிஷம்" என்றேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். விளக்கு வந்தது, வட்டம் சுற்றியது. மறுபடியும் ரெண்டு நிமிஷம் என்றேன். இப்படி எத்தனை முறை சொன்னேன் என்று நினைவில்லை. அதற்குள் மருத்துவமனையில் ஒரு ஜூனியர் டாக்டர் ஸ்கேன் திரையை போனில் படம் பிடித்து அனுப்பினார். கல்பனா அதைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"இதுல ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தக்கட்டு இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "போதும், விடு. காரை எடு."

கிளம்பும்போது, "தாஸ் போட்டோ கேட்டாரே, அனுப்பினியா?" என்றாள். அவள் கண் முன்னால் அனுப்ப வேண்டியதாயிற்று.

அவளைத் தாங்கி லிஃப்டில் இறக்கி, பின்சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும் திருவான்மியூர் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். அப்போது தாஸ் கூப்பிட்டார். என் போன் காரோடு தானாக இணைந்துகொள்ளும். நான் எடுப்பதற்குள் அவர் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் நிறைந்துவிட்டது.

"சார், போட்டோ பாத்தேன். நான் வெச்சது வேற நம்பர் சார், இது வேற கீது. யாரோ டப்பாவ மாத்திக்கீறாங்க."

ஒலியைக் குறைக்கும் பொத்தானைத் தேடினேன்.

"அப்பாலிக்கா, உங்களுக்குப் பதில் சொல்லிச்சின்னு சொன்னீங்களே, அது எங்க சர்வர் இல்ல சார். அதே நம்பர் உங்க வூட்ல எதுக்கோ போயிருக்குது. டிவியா இருக்கும். தெருவுல பழைய நம்பர் இருபது, புது நம்பர் இருபதுன்னு ரெண்டு வூடு இருந்தா தபால் மாறிப் போவுமே, அதான். முன்னயே சொல்லிருந்தா மூணு நிமிசத்துல முடிச்சிருப்பேன் சார்."

"சரி தாஸ், நாங்க வந்துட்டே இருக்கோம்" என்று பின்சீட்டிலிருந்து கல்பனா சொன்னாள். அவளும் கேட்கிறாள் என்பது தாஸுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். வைத்துவிட்டார்.

வண்டி அடையாறு பாலத்தில் ஏறியதும் கல்பனா கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒன்பதே முக்காலுக்கு."

மணி பத்தரை தாண்டியிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றார்கள். அவள் உள்ளே போய்ப் படத்தைப் பார்க்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனார்கள்.

வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் கணவனின் செருப்பை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா வூட்டுக்காரராண்ணே நீங்க?"

தலையை ஆட்டினேன்.

"கால் அப்டி கீது, அப்பவும் எங்களுக்காக வந்துக்கீறாங்க. நீங்கதான் இட்டாந்தீங்களாமே. நல்லா இருப்பீங்கண்ணே."

என் வாழ்க்கையில் பல பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். வேலையை விட்டு அனுப்பியபோது கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். எதற்கும் இப்படிக் கூசியதில்லை. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முக்கால் மணி நேரத்தால்தானா என்று ஒரே ஒரு முறை கல்பனாவிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியாது ரகு. யாருக்கும் தெரியாது" என்றாள்.

இப்போது எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. (இதிலும் விற்பனைதான். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம்.) குடும்பத்தில் நான்கு பேர் கூடினால் என் மச்சினன் ஆரம்பித்துவிடுவான்: "மாமா, டிவிகிட்ட ஸ்கேன் கேட்டீங்களே, அனுப்பிச்சுதா?" பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். தெரியாத யாராவது இருந்தால் முழுக்கதையும் சொல்லச் சொல்வார்கள். கல்பனாதான் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள். நான்கு கொம்பு, ரெண்டு நிமிஷம், டிவியின் பதில், ஒன்றையும் விடமாட்டாள். காரில் ஏறியதும் கதை முடிந்ததாக நிறுத்திவிட்டு, யாருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று கேட்பாள். தட்டை நீட்டுகிற முதல் ஆள் நான்தான்.