தபாலாபீஸ் கணக்கை முடிப்பது சம்பந்தமாக மாமாவுக்கு

வண்டிப்பெரியார்
22-7-78, சனிக்கிழமை

வடகரப்பதி மகாராஜஸ்ரீ மாமா பொங்கியண்ணன் அவர்களுக்கு, மருமகன் கந்தப்பன் கும்பிட்டு எழுதுவது. அங்கே தாங்களும் அத்தையும், மாடு கன்றும், கிழக்குக் கிணற்று மோட்டாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே மழை சுகம். பாக்டரி ஜெனரேட்டர் சுகம். நானும் அந்த வரிசையிலேயே இருக்கிறேன்.

தங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. தோட்டத்துக்கு வடக்கே மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது, ஆடி கழிந்ததும் பத்திரம் எழுதிவிடலாம், மயிலாத்தாளும் நானும் சேர்ந்து தபாலாபீசில் மாதாமாதம் கட்டி வந்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்தால் மீதிக்குத் தாங்கள் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். "காயிதத்துல போட்ட காசு காயிதமாத்தான் கெடக்கும் மாப்பளை, மண்ணுல போட்டா நீங்க ரிட்டயராயி வரையில தென்னை காச்சு நிக்கும்" என்று தாங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இடையில் தடையாக இருப்பது நான் ஒருவன்தான். அதை விவரமாக எழுதினால்தான் தாங்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, எனக்குப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு டிரான்ஸ்பார்மரில் எத்தனை வோல்ட் உள்ளே போனால் எத்தனை வோல்ட் வெளியே வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சம்பளக் கவர் வீட்டுக்குள்ளே போனால் பிறகு எங்கே போகிறது என்று நான்கு வருஷமாக நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மயிலுதான். தங்கள் மகள் என்பதால் சொல்லவில்லை, அவளுக்கு அதில் ஒரு ருசி இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள், நான் ஒரு பழுதான விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க, உங்களுக்கு அம்பத்தெட்டு ஆகையில எனக்கு எத்தனை?" என்று கேட்டாள். அம்பத்தி நாலு என்றேன். "அப்பப் பல்லு இருக்குமுங்களா?" என்றாள். எனக்கா உனக்கா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்குந்தான்" என்றாள். இருக்கும் என்றேன். "அப்ப முறுக்குச் செலவும் சேத்திக்கறேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். நான் ரிட்டயராகிற இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து முறுக்கு. எனக்கு அந்த விசிறி எப்போது சுற்றும் என்பதே அன்றைக்குத் தெரியவில்லை.

மயிலு தைப் பொங்கல் நோன்புக்கு அங்கே வந்து, காமாலை கண்டு, பத்தே நாளில் முடிந்துபோன பிறகு, நான் திரும்பி வந்து மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதச் சம்பளக் கவரையும் பிரிக்காமல் ப்யூஸ் கம்பி வைக்கும் மரப்பெட்டியில் போட்டு வைத்தேன். செலவுக்கு ஓவர்டைம் காசு போதுமானதாக இருந்தது. இங்கத்து மழை தாங்கள் பார்த்ததில்லை. அது மேலே இருந்து மட்டும் பெய்யாது. வைகாசியில் பெட்டியைத் திறந்தால் நோட்டெல்லாம் பச்சைப் பூஞ்சாணம் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பாக்டரியில் தேயிலைக் கொழுந்தை வாட்டுவதற்கு மேல்மாடியில் நீளமான வலைத் தொட்டி இருக்கிறது, அடியிலிருந்து விசிறி மிதமாகச் சூடான காற்றை அனுப்பும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொட்டியின் ஒரு ஓரத்தில் பரப்பி, காற்றைக் கால்வாசி திறந்துவிட்டு, காவலுக்கு நின்றேன். நன்றாகத்தான் காய்ந்தது. அதற்குள் சாப்பாடு முடிந்து வந்த ஆப்பரேட்டர், கொழுந்து வாடவில்லையே என்று வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். என் மூன்று மாதச் சம்பளம் கூரை வரை போய், அங்கே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொழுந்து பரப்புகிற இருபது பெண்கள் தலைமேல் இறங்கியது. ஒரு நோட்டுக்கூடக் குறையாமல் பொறுக்கிக் கொடுத்தார்கள் என்பதை எஸ்டேட் ஜனங்களின் நல்ல பெயருக்காக இங்கே எழுதுகிறேன். அதில் மூத்தவள் மதலேனம்மாள். மயிலுக்கு வேண்டியவள், எஸ்டேட்டில் சீட்டு நடத்துகிறவளும் அவள்தான். கடைசி நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏய்யா, ரூவாயக் காயப்போடவா படிச்சீரு? அந்தப் புள்ள இருந்தா இதப் பாத்து என்ன சொல்லும்?" என்றாள். சிரிக்கும் என்றேன். "ஆமா, சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஏலத்துக்கு வரச் சொன்னாள். மயிலு கட்டி வந்த சீட்டை என் பேருக்கு மாற்றியிருந்தாள். வந்து உட்கார்ந்து பார்த்தால் பணத்தின் போக்கு தெரியும் என்றாள்.

போனேன். அங்கேதான் இரண்டாவது விபத்து. இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐம்பது, சேர்ந்தால் ஆயிரம். அதை ஏலம் விடுகிறார்கள் என்றார்கள். நான் என் ஆயுசில் பார்த்த ஏலம் நம் ஊர் மாரியம்மன் நோன்பில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதுதான். அதில் யார் பெரிய தொகை சொல்கிறாரோ அவருக்குத்தானே மரியாதை. இங்கே ஒரு தச்சர் நூறு என்றார். நான் நூற்றைம்பது என்றேன். லாரி ஓட்டுகிற ஒருவர் யோசித்து யோசித்து இருநூறு என்றார். மயிலு பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எழுந்து நின்று முந்நூறு என்றேன். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். மதலேனம்மாள் எழுநூறு ரூபாயை என் முன்னால் எண்ணி வைத்தபோதுதான், ஏலத்தில் சொல்வது நாம் விட்டுக்கொடுக்கிற தொகை என்றும், அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கே அந்த மாதப் பணம் என்றும், நான் விட்ட முந்நூறு மற்றவர்களுக்குப் பங்காகப் போகிறது என்றும் தெரிந்தது.

"அவசரம் ஏதும் உண்டா சார்?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"பொறவு எதுக்குய்யா முந்நூற வுட்டீரு?"

"பொண்ணு கிண்ணு பாத்தாச்சோ என்னமோ" என்றார் லாரிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மதலேனம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஆளுக்குப் பதினைந்து ரூபாய் மிச்சமான சந்தோஷத்தில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்து, அடுத்த சீட்டில் சார் இரண்டு பங்கு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மயிலு தான் போட்ட சீட்டு எதையும் கடைசி மாதத்துக்கு முன்னால் எடுத்ததில்லையாம். முழுப் பணமும் வரும்வரை பொறுத்திருப்பாளாம். வழியெல்லாம் மதலேனம்மாள் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதற்குப் பிறகு நான் ஒழுங்காகப் படிக்கத் தீர்மானித்தேன். தபாலாபீசில் மாசியில் புதிதாக வந்த போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷர், சொல்லிக் கொடுப்பதில் பிரியமுள்ளவர். வட்டிக்கு இவர்கள் மலையாளத்தில் பலிசை என்பார்கள். "சாரே, பலிசை பிரசவிக்கும். பின்னெ ஆ குட்டியும் பிரசவிக்கும். நம்மள் சும்மா இருந்நா மதி, தொடாண்டிருக்கணும், அத்ரேயுள்ளு" என்றார். எதையும் தொடாமல் சும்மா இருப்பது எனக்கு இப்போது நன்றாக வருகிறது என்பதால் இது பிடித்துப்போனது. பாலிடெக்னிக் லாகரிதம் புஸ்தகத்தைத் தேடி எடுத்து, இந்தக் கணக்கு முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் இரண்டாயிரத்து ஆறில் எவ்வளவு என்று எட்டுப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, பிராவிடண்ட் பண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடைசி வரி வரை பார்த்துவிட்டு, "இது கொண்டு ரெண்டு பேர்க்கும் சுகமாயிட்டு ஜீவிக்காம்" என்றார். அப்போதுதான் பார்த்தேன், மாதச் செலவை இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன். முறுக்கு உள்பட. ஒரு ஆளுக்கு என்று திருத்தினால் நான் பணக்காரன். கணக்குப்படி அது லாபம். நான் அதை இன்னும் திருத்தவில்லை.

மாமா, இனி எழுதுவதைத் தாங்கள் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அந்தப் பாஸ்புக்கில் மேலே என் பேர், கீழே மயிலாத்தாள் என்று இரண்டு பேர் இருக்கிறது. அவள் போன பிறகு மாசியில் முதல் முறையாகத் தவணை கட்டப் போனபோது புதியவர் அதைப் பார்த்து, இந்த மயிலாத்தாள் யார் என்று கேட்டார். வீட்டுக்காரி என்றேன். எங்கே என்றார். தை நோன்புக்கு ஊருக்குப் போனாள், வடகரப்பதியில் இருக்கிறாள் என்றேன். அது பொய்யில்லை. தோட்டத்து வடக்கு மூலையில் தாங்களும் நானும் வைத்த இடத்தில்தானே இருக்கிறாள். பாக்கியைச் சொல்லத்தான் வாய் எடுத்தேன், அதற்குள் அவர் முத்திரை குத்திவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு கேட்பார், "தையும் கழிஞ்ஞு, மேடமும் கழிஞ்ஞு. ஓணத்துக்கெங்கிலும் வருமோ சாரே?" என்று. நம் சித்திரையைத்தான் மேடம் என்கிறார். பார்க்கலாம் சார் என்பேன். "வழக்கொந்நும் இல்லல்லோ?" என்பார். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை என்பேன். இந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மயிலு பேரை எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று யாரும் எடுப்பதில்லை. நாலு மைல் கீழே டவுனில், அந்தக் கம்பிச் சன்னலில் மட்டும், அவள் ஊருக்குப் போயிருக்கிறாள், வரப்போகிறாள். நான் ஒன்றாம் தேதிக்கு எதற்குக் காத்திருக்கிறேன் என்று தாங்களே தெரிந்துகொள்ளலாம்.

கணக்கை முடிக்கிற பாரத்தை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இல்லையென்றால் அதைத் தெரிவிக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்தால் அவர் அங்கேயும் குரலைத் தாழ்த்திவிடுவார். இதற்காக மூன்று ஏக்கரை விடுவது மடத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாங்கள் சொல்லும் நிலம் அந்த வடக்கு மூலைக்கு அடுத்த வரப்பில்தான் தொடங்குகிறது. தாங்கள் கடிதத்தில் அதை எழுதவில்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. வயசான காலத்தில் அங்கே வந்து இருக்கலாம் என்று எனக்காகத் தாங்கள் யோசித்திருக்கிறீர்கள். சொந்த மகனுக்கும் ஒருவர் இவ்வளவு யோசிப்பது அபூர்வம்.

ஆகவே மூன்று நாள் யோசித்துத் தீர்மானித்துவிட்டேன். திங்கட்கிழமை போய் பாரத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பணத்தோடு வடகரப்பதி வந்து சேருகிறேன். நிலத்துக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடுங்கள். பயப்படாமல் கொடுக்கலாம், இப்போது எனக்குப் பண விஷயத்தில் ஓரளவு தைரியம் வந்திருக்கிறது.

அத்தையை மழையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழக்குக் கிணற்று மோட்டாரில் முனகல் கேட்டால் உடனே நிறுத்திவிடவும், வந்து பார்த்துக்கொள்கிறேன். பெரியவர்கள் எல்லோருக்கும் என் நமஸ்காரம், சிறுசுகளுக்கு என் ஆசி.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
கந்தப்பன்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை என்னை எதிர்பார்க்க வேண்டாம். நிலத்துக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளவும். பாரத்தைச் சன்னலில் நீட்டத்தான் போனேன். ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே என்னைப் பார்த்ததில் அவர், "எந்தா சாரே, நேரத்தே வந்நோ?" என்றார். முடிக்க வந்தேன் என்று சொல்வதற்குப் பதிலாக, முன்கூட்டிக் கட்டலாமா சார் என்று கேட்டுவிட்டேன். ஒரு வருஷத்தை ஒரேயடியாகக் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடிகூட உண்டு என்றார். பன்னிரண்டு தவணையையும் கட்டிவிட்டேன். இப்படித்தான் முதல் போட வேண்டும், வீட்டுக்காரி கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று பாராட்டி, வரிசையாகப் பன்னிரண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இனி ஒரு வருஷத்துக்கு எனக்கு இந்தச் சன்னலில் வேலையில்லை. அவள் எப்போது வருவாள் என்று கேட்பதற்கும் ஆளில்லை. திரும்பப் போய்ப் பணத்தைக் கேட்டேன், கட்டியது கட்டியதுதான் என்கிறார். அதனால் மாமா, தங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு கார்டு போடுங்கள். மழை, மோட்டார் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி, மயிலு அங்கே எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள்.