தாஃபோ ஒடூரோவும் தேசப் பாதுகாப்பும்

பேசுவதற்கென்றே பிறந்தவர்களில் பல வகை உண்டு. மேடை கிடைத்தால் பேசுகிறவர்கள், மேடை கிடைக்காவிட்டால் பேருந்தில் பேசுகிறவர்கள், பேருந்திலும் யாரும் காது கொடுக்காவிட்டால் முடிதிருத்தும் கடையில் போய் கத்திக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டுப் பேசுகிறவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு வகை கானாவில் எங்கள் குமாசி நகரத்தில் இருக்கிறது. வானொலி நிலையத்துக்குப் போன் போடுகிறவர். என்றைக்கோ ஒருநாள் போடுகிறவர் அல்ல, தினமும் போடுகிறவர். முட்டை விலை ஏறினாலும் அவரிடம் கருத்து உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பூகம்பம் வந்தாலும் உண்டு. அவரிடம் கருத்து இல்லாத விஷயம் ஏதாவது இருந்தால், அது இன்னும் செய்தியில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகையை எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? கையில் இரண்டு போன் இருக்கும். ஒன்றில் லைன் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப அடிப்பார். மற்றொன்று, முதல் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் நாடு என்ன ஆகும் என்ற கவலைக்காக. பக்கத்தில் வானொலி அலறும். லைன் கிடைத்ததும் குரல் அரைச் சுருதி ஏறும். "தொகுப்பாளருக்கு வணக்கம், அரங்கில் இருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம், நேயர்களுக்கு வணக்கம், வெளிநாட்டில் இணையம் வழியே கேட்கும் நம் சொந்தங்களுக்கு வணக்கம், நான் மூன்றே மூன்று விஷயம் சொல்ல விரும்புகிறேன்" என்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மீதிப் பாதி, "ஐயா, உங்க ரேடியோவை முதல்ல குறைங்க" என்று தொகுப்பாளர் கெஞ்சுவதில் போகும். அவருடைய மூன்றாவது விஷயத்தை இந்த நாட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த வகையின் குலவிளக்கு, பழைய தாஃபோ பேட்டையில் வசிக்கும் ஒடூரோ. வானொலியில் 'தாஃபோ ஒடூரோ' என்றால்தான் தெரியும். சுவாமே கடைத்தெருவில் பழைய கியர்பாக்ஸ் விற்கும் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வந்து நின்றால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரலுக்கு 'லைனில் இருக்கிறேன்' என்று பொருள். பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த விரலுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், அவ்வளவு வியாபாரத்தை அது அவர்கள் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிச் செய்தியில் ஒரு வரி வந்தது. அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், ஓய்வுபெற்ற கர்னல் கிஸியேடு, சாவு வீடுகளில் யார் எவர் என்று தெரியாமல் கூட்டம் சேர்வது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று பேசினாராம். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் சனிக்கிழமை என்று ஒரு நாளைக் கடவுள் படைத்ததே சாவு வீட்டுக்குப் போவதற்காகத்தான். ஏழு மணிக்கு அந்த வரி, 'சாவு வீட்டுக்கு அடையாள அட்டை கட்டாயம்' என்று வளர்ந்தது. எட்டு மணிக்கு 'சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடை'. பத்து மணிக்கு கெஜெட்டியா சந்தையில் தக்காளி விற்கும் பெண்கள், இனிமேல் அனுமதி வாங்காமல் யாரும் சாகவே கூடாதாம் என்று பேசிக்கொண்டார்கள். சவப்பெட்டி செய்வோர் சங்கம் கண்டன அறிக்கை விட்டது. ஆளுங்கட்சிக்காரர்கள் இதில் என்ன தப்பு என்றார்கள்; எதிர்க்கட்சிக்காரர்கள் இதில் எதுதான் சரி என்றார்கள். போன ஆட்சியில் இதே மாதிரி ஒன்று வந்தபோது இரு தரப்பும் இதே வசனங்களை இடம் மாற்றிப் பேசியது யாருக்கும் நினைவில்லை.

ஒடூரோவுக்கு நாற்பத்தோராவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"சொல்லுங்க தாஃபோ ஒடூரோ" என்றார் தொகுப்பாளர் போன்சு. "வணக்கமெல்லாம் வேணாம், நேரா விஷயத்துக்கு வாங்க."

"போன்சு, நான் மனசு நொந்து பேசறேன். ஒருத்தர் நம்ம வாசலுக்கு வந்தா நாம என்ன செய்வோம்? மொதல்ல நாற்காலி. அப்புறம் தண்ணி. குடிச்சு முடிச்சதும்தான், 'என்ன சேதி, எங்கிருந்து வர்றீங்க'ன்னு கேப்போம். தண்ணிக்கு முன்னாடி பேரு கேக்கறது நம்ம ரத்தத்துலயே கிடையாது. இந்த கர்னல் துப்பாக்கியைக் காட்டிப் பேரு கேக்கச் சொல்றாரு."

"துப்பாக்கின்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலைன்னா என்ன, நெனச்சிருப்பாரு. கேளுங்க. வர்ற சனிக்கிழமை எங்க மாமியாருக்குச் சாவுச் சடங்கு. பழைய தாஃபோ, மெத்தடிஸ்ட் கோயில் பின்னாடி. கானாவுல இருக்கற அத்தனை பேரும் வாங்க. யாரும் உங்களைப் பேரு கேக்க மாட்டாங்க. கர்னலும் வரட்டும், வந்து பாக்கட்டும். இது தாஃபோ ஒடூரோ குடுக்கற வாக்கு."

அரங்கில் கைதட்டல். அன்று ஊரில் அவரைத் தோளில் தட்டாதவர்கள் இல்லை. பெட்ரோல் பங்கில் ஒருவன் அவர் வண்டிக் கண்ணாடியை இலவசமாகத் துடைத்துவிட்டான். ஒடூரோவுக்கு நெஞ்சு ஒரு முழம் முன்னால் வந்தது.

வீட்டில் அவர் மனைவி ஃபோசுவா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இறந்தது அவளுடைய அம்மா. முந்நூறு பேருக்குப் பந்தல், முந்நூறு நாற்காலி, முந்நூறு பேருக்குச் சோறு என்று எங்கள் வழக்கப்படி உடலைப் பிணவறையில் காக்க வைத்துவிட்டு இரண்டு மாதமாக ஓடி ஓடிச் செய்தவள் அவள். அவளுக்கு இருந்த கவலை கூட்டத்தைப் பற்றியது அல்ல, மாமாவைப் பற்றியது. அம்மாவின் தம்பி பெப்ரா, கோகோ தோட்டத்துச் சண்டையில் அக்காவோடு பேச்சை முறித்துக்கொண்டு முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லை தாண்டி அபிஜானுக்குப் போனவர், ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர். 'என் தம்பி வந்து வழியனுப்பாமல் பெட்டியை மூடாதே' என்பதுதான் அம்மா கடைசியாகக் கேட்டது. எத்தனையோ போனுக்குப் பிறகு, அழுது, சண்டை போட்டு, மறுபடி அழுது, மாமாவை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள் ஃபோசுவா.

அவர் எப்படி இருப்பார் என்று கணவரிடம் அந்த வாரம் மூன்று தடவை சொன்னாள். "ஒல்லியா, உயரமா இருப்பாருங்க. இடது கன்னத்துல தழும்பு. வந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. கோபக்காரர். ஒரு வார்த்தை தவறினாலும் திரும்பிடுவாரு." மூன்று தடவையும் ஒடூரோ விரலைத் தூக்கிக் காட்டினார்.

சனிக்கிழமை விடிந்தது. கானா வந்தது.

மிகையாகச் சொல்லவில்லை. ஒபுவாசியிலிருந்து இரண்டு பேருந்து, சுன்யானியிலிருந்து ஒன்று, 'பெயர் கேளாத வீட்டுக்கு எங்கள் கண்ணீர்' என்று துணியில் எழுதிக்கொண்டு வந்த ஓட்டுநர் சங்கத்தார், ஒரு பித்தளை வாத்தியக் குழு, அந்த வாத்தியக் குழுவைத் தங்கள் சாவு வீட்டுக்கு ஏற்பாடு செய்திருந்து, அது வழிமாறி இங்கே வந்துவிட்டதால் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த இன்னொரு குடும்பம். எல்லோரும் முறையாகத் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் கட்டியிருந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. இறந்தவளின் பெயர் தெரியாவிட்டாலும் நன்றாகவே அழுதார்கள். அழுத களைப்புக்குச் சாப்பிட்டார்கள். ஒன்பதரை மணிக்குச் சோறு தீர்ந்தது, பத்து மணிக்குத் தண்ணீர் பாக்கெட் தீர்ந்தது, பத்தேகாலுக்குக் குலத்தலைவர் பந்தலுக்குள் வந்தபோது அவருடைய நாற்காலியில் சுன்யானிக்காரர் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, யாருப்பா இவரு?" என்றார் குலத்தலைவர்.

ஒடூரோவுக்குத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார். யாரையுமே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் அழைத்தபோது கானா என்பது ஒரு சொல்லாக இருந்தது. இப்போது அது அவருடைய சொந்தத் தட்டிலிருந்து கோழிக்காலை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. எழுபது தாண்டிய குலத்தலைவர் நின்றுகொண்டிருந்தார், அதுவும் ஒடூரோவின் மாமியார் சாவில். ஒடூரோவுக்கு உச்சந்தலை சூடேறியது.

மகளின் பள்ளி நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். அதற்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டிய ஈக்கும் பெயர் பதிவு உண்டு. பேரென்ன, ஊரென்ன, செத்தவருக்கு என்ன உறவு, அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், அட்டை இருக்கிறதா? கோயில் பாட்டுக் குழுவிலிருந்து வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அவருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

பதினோரு மணிக்கு ஒரு கிழவர் வந்தார். ஒல்லி. உயரம். இரண்டு நாள் பயணத்துப் புழுதி கறுப்புத் துணியின் விளிம்பெல்லாம் இருந்தது. கையில் ஒரு பை. வாசலில் நின்று உள்ளே பார்த்தார், பந்தலுக்கு அப்பால் அக்காவின் பெரிய படம் தெரிந்தது.

"பேரு?" என்றார் ஒடூரோ, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கொஞ்சம் தண்ணி குடுப்பா."

"தண்ணியெல்லாம் தீந்துடுச்சு பெரியவரே. பேரைச் சொல்லுங்க மொதல்ல."

"தண்ணிக்கு முன்னாடியா?"

"நாடு கெட்டுக் கெடக்குதுங்க. பேரு, ஊரு. எங்கிருந்து வர்றீங்க?"

"எங்கிருந்து வந்தேனோ அங்கேயே போறேன்" என்றார் கிழவர். "தாகத்தோட நிக்கறவனைப் பேரு கேக்கற வீட்டுல எனக்குச் சொல்றதுக்குச் சேதி ஒண்ணுமில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். ஒடூரோ நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'பெயர் சொல்ல மறுத்த ஆள். அந்நிய நாட்டுச் செருப்பு. சந்தேகத்துக்கு இடமானவர்.' எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

உள்ளே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் பெப்ராவுக்காகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு ஃபோசுவாவின் போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுலம்மா. வந்தேன். உங்க வாசல்ல போலீஸ் நிக்குது. ஒங்கம்மா என்னை மன்னிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். பரவால்ல, அவ முகத்தைப் படத்துல பாத்துட்டேன்."

ஃபோசுவா எழுந்து ஓடினாள். செருப்பில்லாமல், சிவப்புத் துணி தெருவில் புரள, பேருந்து நிலையம்வரை ஓடினாள். எங்கள் ஊர்ப் பேருந்துகள் இருக்கை நிரம்பாமல் கிளம்பாது என்று அன்றாடம் திட்டுகிறோமே, அன்று அந்தப் பழக்கத்துக்கு நூறு வயது ஆகட்டும் என்று வாழ்த்தத் தோன்றியது. எல்லைக்குப் போகும் வண்டியில் இன்னும் இரண்டே இரண்டு இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலோரம் மாமா, மடியில் பை. ஒரு தண்ணீர் பாக்கெட் வாங்கிப் பல்லால் ஓரத்தைக் கடித்துத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டி, வண்டிக்குள் அவர் இருக்கைக்கு அருகிலேயே மண்டியிட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

"என்ன சேதி மாமா?" என்றாள் அதற்குப் பிறகுதான்.

"எங்கக்காவைப் பாக்க வந்தேன்" என்றார் கிழவர்.

பெப்ரா வழியனுப்பிய பிறகு, நாலு மணிக்குப் பெட்டி மூடப்பட்டது. அதற்கு முன்னால், வாசலில் நோட்டோடு நின்ற ஒடூரோ, மனைவியோடு திரும்பி வந்த கிழவரின் இடது கன்னத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நோட்டு கையிலிருந்து நழுவியது. ஃபோசுவா கத்தவில்லை, அழவும் இல்லை.

"நாட்டுக்கே கதவைத் தொறந்து வச்சீங்க. எங்க மாமா ஒருத்தருக்குத்தான் காவல் போட்டீங்க" என்றாள். "நீங்க பேசுங்க. யார்கிட்ட வேணா பேசுங்க. என்கிட்ட மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒடூரோ யாரிடமும் பேசவில்லை. போனைத் தொடவில்லை. தாஃபோவில் அன்று காக்கை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை முப்பத்தாறாவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"போன்சு, நான் மனசு நொந்து பேசறேன். கர்னல் சொன்னது போதாது. சாவு வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் போட்டோ ஒட்டின அட்டை குடுக்கணும். அப்படி ஒரு அட்டை இருந்திருந்தா நல்லவங்க யாரும் வாசலோட திரும்பிப் போக வேண்டியதில்ல."

"போன வாரம் கர்னலைத் திட்டினீங்களே ஐயா?"

"அது போன வாரம். நாட்டு நிலைமை மாறிடுச்சு."

"சரி, அவர் பேசினதை முழுசாக் கேட்டீங்களா?"

"எங்கப்பா நேரம்? நான் லைன்லல்ல இருந்தேன்."

இந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். 'நான் ஒருநாளும் வானொலிக்குப் போன் போட்டதில்லை, நான் இந்த வகை இல்லை' என்று சொல்லிக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். கர்னல் கிஸியேடு சொன்னது சரியா, தவறா என்று உங்கள் மனசுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறதல்லவா? அதை எதை வைத்து எழுதினீர்கள்? கர்னல் பேசியதிலிருந்து நான் உங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு வரி. அதுவும் செய்தியில் யாரோ வாசித்தது, ஒடூரோ சொல்லி நான் கேட்டது. மீதிப் பேச்சில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது.

பரவாயில்லை. லைனிலேயே இருங்கள்.