மரியதாசனின் பல்லும் மன்னார் நேரமும்

ஒரு விடுகதை. பிறக்கும்போது கூடவே வராது. பிறகு வரும், விழும். இன்னொரு முறை வரும். அதுவும் விழுந்தால் திரும்பி வரவே வராது. அது என்ன?

பல் என்கிறீர்கள். சரியான விடைதான். ஆனால் பிரெஞ்சு பேசும் தூரதேசத்தில், செயின்ட்-மிஷேலில் குடியிருக்கும் மரியதாசனுக்கு மட்டும் அது மூன்றாம் முறையும் வந்தது. அவருடைய கடைவாய்ப் பல் உடைந்தபோது பல்வைத்தியர் அதன்மேல் ஒரு தொப்பி செய்து ஒட்டிவிட்டார். பல்லின் நிறத்தில், பல்லின் வடிவத்தில் இருந்தது. அந்தத் தொப்பி கழன்ற கதைதான் இது.

அந்த வருடத் தவக்காலத்தில் மரியதாசன் இனிப்பைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்தார். கீழ்வீட்டு அருமைநாதன் சிகரெட்டை விட்டார். பாதித் தவக்காலத்திலேயே அருமைநாதன் பின்படியில் நின்று புகை விடுவதை மரியதாசன் கண்டுவிட்டார். கண்டதோடு விட்டாரா? பூசை முடிந்து கோப்பி குடிக்க நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மனவுறுதி என்றால் என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்தினார். கோப்பி ஆறிப்போகும்வரை விளங்கப்படுத்தினார். அருமைநாதன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அதனால் மரியதாசன் இனிப்பைத் தொட்டார் என்ற செய்தி வேறு யாருக்குத் தெரிந்தாலும் அருமைநாதனுக்குத் தெரியக் கூடாது.

தவக்காலத்தின் கடைசி நாளான பெரிய சனிக்கிழமை பின்னேரம். மனைவி அக்னெஸ் ஏழு வயது மகள் றொஷினியையும் கூட்டிக்கொண்டு மூலையிலிருந்த தெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். மரியதாசன் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, மன்னாரிலிருந்த தம்பி அல்பேட்டை அழைத்தார்.

"இஞ்சை சாமம் கடந்திட்டுது, அண்ணை. உயிர்ப்புப் பூசை முடிஞ்சு இப்பத்தான் வீட்டை வந்தம். திருநாள் வாழ்த்துக்கள்," என்றான் அல்பேட்.

மரியதாசன் தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தார். விரதம் எடுத்தது யார்? மன்னார் மனிதன். மன்னாரில் தவக்காலம் முடிந்துவிட்டது. அப்படியென்றால் இங்கே குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருக்கும் தகரப் பெட்டியைத் திறப்பதில் என்ன பாவம்?

அந்தப் பெட்டிக்குள் அக்னெஸ் திருநாளுக்கென்று கிண்டிய தொதல் இருந்தது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இறுகிப் பளபளத்தன. ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அவர் தொதலைப் பிடித்தார். தொதலும் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வெளியே இரும்புப் படியில் கால் சத்தம் கேட்டது. வாயில் இருந்ததை இழுத்து எடுத்தார். மற்றத் துண்டுகளுக்கு அடியில் செருகினார். மூடியை அமத்தினார்.

பிறகுதான் நாக்கு கடைவாய்ப் பக்கம் போய்ப் பார்த்தது. மலை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

"ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?" உள்ளே வந்த அக்னெஸ் கேட்டாள்.

"பல்லு."

அக்னெஸ் டோர்ச் அடித்துப் பார்த்தாள். "தொப்பியைக் காணேல்லை. எங்கை?"

"விழுங்கிப்போட்டன்."

"என்னத்தோடை?"

"தண்ணியோடை."

"தண்ணியைக் கடிச்சோ குடிச்சனீங்கள்?"

"ஐஸ் கிடந்தது."

"எங்கடை வீட்டிலை ஐஸ் எங்கை கிடந்தது?"

"அதையும் விழுங்கிப்போட்டன்."

அக்னெஸ் அவரை ஒரு முறை பார்த்தாள். பல்வைத்தியரை அழைத்தாள். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று இயந்திரம் பேசியது. பிறகு தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் தாதியை அழைத்தாள். தாதி பிரெஞ்சில் கதைத்தாள். மரியதாசனின் பிரெஞ்சு போன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். ஆகவே அக்னெஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புத் தண்ணியாலை கொப்பளிக்கட்டாம். நோவுக்குக் குளிசை போடட்டாம். அந்தப் பக்கத்தாலை சப்பக் கூடாதாம். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தா உடனை ஆஸ்பத்திரியாம். சுப்பர் குளூவைக் கையாலையும் தொடக் கூடாதாம்."

"சரி."

"தொப்பி வெளியிலை வருமட்டும் கஞ்சிதானாம். இறைச்சி மணக்கவும் கூடாதாம். கக்கூசுக்குப் போற ஒவ்வொரு முறையும் வடியிலை வடிச்சுப் பாக்கட்டாம்."

மரியதாசன் கேட்டார்: "பிரெஞ்சு நேர்சுக்குக் கஞ்சி எப்பிடித் தெரியும்?"

"வியட்நாம்காரியாம்."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கும் றொஷினிக்கும் தாதியின் குரல் கேட்டிருந்தது. அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். தாய் அவளுடைய தலையைத் தடவிவிட்டு மருந்துக் கடைக்குப் போய்வந்தாள்.

மரியதாசன் ஒரு கராம்பைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு முன்னறையில் நேரம் பார்த்திருந்தார். தாயும் மகளும் கோயிலுக்கு உடுப்பு மாற்றப் போனதும் கையில் முள்ளுக்கரண்டியோடு பெட்டியைத் தேடினார். பெட்டி இருந்த இடத்தில் இல்லை.

"தொதல் எங்கை?" என்று கேட்க முடியாது. "குளிர்ப் பெட்டிக்கு மேலை வெறுமையாக் கிடக்குது," என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கு அருமைநாதன் அண்ணைக்குக் குடுக்கவேணும். சின்னத் துண்டாப் போட்டு அறைக்குள்ளை வைச்சிட்டன்," என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

மறுநாள் மத்தியானம் அருமைநாதன் விருந்துக்கு வந்தார். மேசையில் ஆட்டிறைச்சிக் கறி ஆவி பறந்தது. மரியதாசனுக்கு முன்னால் கஞ்சி.

"என்ன தம்பி, விரதம் இன்னும் முடியேல்லையோ?"

"வயிறு சரியில்லை, அண்ணை."

"மனவுறுதியுள்ள ஆள்," என்றார் அருமைநாதன்.

அக்னெஸ் தொதல் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மரியதாசன் எட்டிப் பார்த்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. எதற்குள் கிடக்கிறது? அருமைநாதன் நடுத் துண்டாகப் பார்த்து எடுத்தார். அது வாய்க்குக் கிட்டப் போனது. கடித்தால் பல் போகும். விழுங்கினால் தொண்டையில் நிற்கும். சொன்னால் மானம் போகும்.

"அண்ணை, கடியாதேங்கோ," என்றார் மரியதாசன். "அதுக்குள்ளை என்ரை பல்லுத் தொப்பி கிடக்குது."

அருமைநாதன் தொதலைப் பார்த்தார். மரியதாசனைப் பார்த்தார்.

அக்னெஸ் எழும்பிப் போய் ஒரு சின்னக் கிளாசைக் கொண்டுவந்தாள். உள்ளே தொப்பி கிடந்தது. பக்கத்தில் மருந்துக் கடைக் குழாய் ஒன்றையும் வைத்தாள்.

"நேற்றுத் துண்டு போடேக்கை கத்தியிலை தட்டினது. அண்ணை, நீங்கள் பயமில்லாமல் சாப்பிடுங்கோ. தொப்பி கிடைச்சாக் கழுவி, இந்தத் தற்காலிகப் பசையாலை ஒட்டலாம் எண்டு நேர்ஸ் சொன்னவ."

"அப்ப கஞ்சி?" என்றார் மரியதாசன்.

"அது நான் சொன்னது. விழுங்கின ஆளுக்குத்தானே."

அருமைநாதன் ஆறுதலாகத் தொதலைச் சப்பி முடித்தார். "நேற்றெண்டா தவக்காலத்துக்குள்ளையோ, தம்பி?"

"இல்லை அண்ணை. அப்ப மன்னாரிலை ஞாயிறு பிறந்திட்டுது. நான் மன்னார் நேரத்துக்குத்தான் சாப்பிட்டனான்."

"அதுவும் ஞாயம்தான்," என்றாள் அக்னெஸ். "மன்னாரிலை இப்ப இரவு பத்தரை. திருநாள் சாப்பாடு முடிஞ்சு, சட்டியும் கழுவிக் கவிட்டுப்போட்டு எல்லாரும் படுத்திருப்பினம்."

கறிச்சட்டியை அருமைநாதன் பக்கம் நகர்த்தினாள். மரியதாசனின் பங்குத் தொதலை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தாள்.

"இது அப்பான்ரை பங்கு. அப்பாவுக்குக் குடுக்க விருப்பமெண்டாக் குடு. நீ சாப்பிட விருப்பமெண்டாச் சாப்பிடு."

மரியதாசன் இருக்கிற பல் எல்லாம் தெரிய மகளைப் பார்த்துச் சிரித்தார்.

றொஷினி மெர்சி சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.